ஓசோனுக்கு நல்ல கேஸ்

தம்பி,

நீ புனே போய்ச் சேர்ந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. நேற்று போனில், "என்னாப்பா ஒரு மாதிரி பேசற?" என்று கேட்டாய். கரண்ட் இல்லை, அதான் என்றேன். கரண்ட் இல்லாதது உண்மைதான். இப்போதும் இல்லை. இந்த வருஷம் கடலூரில் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று கரண்டுக்கே தெரியவில்லை. பிரிட்ஜ் மெக்கானிக்குக் கரண்ட் இல்லையென்றால் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு, தெருவில் போகிறவர்களுக்கு வணக்கம் சொல்வதுதான் வேலை. அதனால் எழுதுகிறேன். பத்தாவதை இரண்டு தடவை எழுதிப் பாஸ் செய்து ஐ.டி.ஐ. முடித்தவன் எழுதுவது; ஒரு விஷயம் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று நீயே தேடிப் பிடித்துக்கொள். ஆனால் கடைசி வரைக்கும் படித்துவிடு. சொல்ல வேண்டியது பின்னால்தான் வருகிறது. அதை முன்னால் வைக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

உனக்கு என்ன வேலை என்று தெருவில் எல்லோரும் கேட்கிறார்கள். பலூனில் ஒரு பெட்டியைக் கட்டி மேலே விடுவார்கள், அது ஏற ஏற எந்த உயரத்தில் ஓசோன் எவ்வளவு இருக்கிறது என்று கீழே சேதி அனுப்பும், என் மகன் அதைக் குறித்து வைப்பான் என்று சொல்கிறேன். "பலூன் உடறதுக்காங்க எம்.எஸ்சி. படிச்சாரு?" என்று டீக்கடைக்காரர் கேட்டார். அப்பன் இருபது வருஷமாக மேலே விட்டதை மகன் அளக்கப் போயிருக்கிறான் என்று சொல்லி நானே சிரித்தேன். அவருக்கு விளங்கவில்லை. உனக்கு விளங்கும்.

நான் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து எங்களுக்குத் தெரிந்த கேஸ் ஒன்றே ஒன்றுதான், ஆர்-12. வாசனை கிடையாது, பற்றாது, வெடிக்காது. அதைப் போல ஒரு சாது கிடையாது. பழுதான பிரிட்ஜ் வந்தால் முதல் வேலை, கம்ப்ரசரில் இருக்கிற சார்ஜிங் பைப்பைக் கட்டரால் வெட்டுவது. உள்ளே இருக்கிற கேஸ் புஸ்ஸென்று வெளியே போய்விடும். போன பிறகு, நெருப்பு ஊதுகிற டார்ச்சைப் பற்றவைத்து பைப்பைக் கழற்றுவோம், பொருத்துவோம், புது கேஸ் ஏற்றுவோம். வெட்டு, விடு, பற்றவை. இந்த மூன்றையும் யோசிக்காமல் கை செய்யும். வெயில் காலத்தில் மிச்சக் கேஸை சோடா பாட்டில் மேல் அடித்துக் குளிரவைத்துக் குடித்திருக்கிறோம். நீ மூன்றாவது படிக்கும்போது கொய்யாப்பழத்தின் மேல் அடித்து வெள்ளையாக உறையவைத்துக் கொடுத்தேன், நினைவிருக்கிறதா? என் வலது ஆள்காட்டி விரல் மரத்துப்போனதும் அப்படித்தான். ஒரு தடவை திரவமாகவே பீய்ச்சிவிட்டது. இன்றுவரை அந்த விரலுக்குச் சூடும் தெரியாது, குளிரும் தெரியாது. கொதிக்கிற டம்ளரை அந்த விரலால் தொட்டுக்காட்டி உன் அம்மாவிடம் வீரம் காட்டியிருக்கிறேன்.

இந்தத் தொழிலை நான் ஒருத்தன் செய்யவில்லை. உன் சேகர் மாமா, அம்மாவின் தம்பி, எங்கள் கல்யாணமான மறுவருஷமே மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து பெட்டியோடு வந்து என் கடையில் உட்கார்ந்தான். அவனுக்கு ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக்கொடுத்தது நான். வெட்டு, விடு, பற்றவை என்று கற்றுக்கொடுத்ததும் நான். இரண்டு வருஷத்தில் பிராசிங், அதாவது பைப்பைச் சூடாக்கி ஒட்டுவதை, என்னைவிடச் சுத்தமாகச் செய்தான். அவன் வைத்த ஜாயிண்ட் மோதிரம் மாதிரி இருக்கும். நான் வைத்தது சுண்ணாம்பு அப்பிய மாதிரி இருக்கும். வாடிக்கைக்காரர்கள் அவனைத்தான் கேட்டு வாங்கிக்கொண்டு போவார்கள். நான் முதலாளி என்பதற்கு ஒரே அடையாளம், கடைச் சாவி என் இடுப்பில் இருந்ததுதான்.

நீ பத்தாவது படித்த வருஷம் மெக்கானிக்குகளுக்கு ஒரு பயிற்சி வைத்தார்கள். ஒரு கடைக்கு இரண்டு பேர் வரலாம் என்று கடிதம் வந்தது. கடையை மூட வேண்டாம் என்று நான் மட்டும் போனேன். "நீ போயிட்டு வந்து சொல்லு மாமா, ஒருத்தர் தூங்குனா போதும்" என்றான் அவன். சரியாகத்தான் சொன்னான். முதல் நாள் மத்தியானம், பிரியாணிக்குப் பிறகு ஓசோன் பற்றிப் படம் போட்டுக் காட்டினார்கள். எனக்கு ஓட்டை விழுந்த ஒரு வானம்தான் கனவு மாதிரி தெரிந்தது. வீட்டுக்கு வந்து உன்னைக் கேட்டேன். நீ நோட்டின் பின்பக்கத்தில் படம் போட்டுச் சொன்னாய். நாம் மூச்சு விடுகிற ஆக்சிஜன் இரண்டு இரண்டாகச் சேர்ந்திருக்கும். மூன்றாகச் சேர்ந்தால் ஓசோன். அது ரொம்ப உயரத்தில் இருந்துகொண்டு, வெயிலில் வருகிற கெட்ட கதிரைக் கீழே விடாமல் பிடித்துக்கொள்கிறது. அது இல்லையென்றால் கண், தோல், பயிர் எல்லாம் பாழ். அதே ஓசோன் வண்டிப் புகையும் வெயிலும் சேர்ந்து தரைக்குப் பக்கத்தில் உண்டானால் நெஞ்சைக் கெடுக்கும். எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அது நல்லதா கெட்டதா என்றாய். மனுஷனும் அப்படித்தான்டா என்று பெரிய தத்துவம் மாதிரி நான் சொல்ல, நீ காதில் வாங்காமல் மேலே சொல்லிக்கொண்டு போனாய்.

எங்கள் சாதுவான ஆர்-12 கீழே ஒன்றும் செய்யாது. அதனால்தான் அது அழியாமல், அவசரப்படாமல், வருஷக்கணக்கில் மேலே ஏறுகிறது. அங்கே சூரியன் அதை உடைக்க, உள்ளே இருந்து குளோரின் வெளியே வருகிறது. அந்தக் குளோரின் ஒரு ஓசோனை உடைக்கும், உடைத்துவிட்டுத் தான் மட்டும் முழுசாக வெளியே வந்து அடுத்ததற்குப் போகும், அதையும் உடைக்கும். "அது கெடாதாப்பா, மத்ததத்தான் கெடுக்கும்" என்றாய். இதை மட்டும் நான் மறக்கவில்லை. நான் விட்ட கேஸ் எவ்வளவு காலம் இருக்கும் என்று கேட்டதற்கு நூறு வருஷம் என்றாய். நம் குடும்பத்தில் நூறு வருஷம் நிலைக்கப்போவது அது ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டேன். அந்த வருஷம் உன் பள்ளிக்கூடக் கண்காட்சியில், பயிற்சியில் நான் வாங்கிய சான்றிதழை அட்டையில் ஒட்டி, "ஓசோன் காப்பவர் என் தந்தை" என்று எழுதி வைத்தாய். நான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றேன். பழைய கேஸை வெளியே விடாமல் சிலிண்டரில் பிடிக்கிறேன் என்று உன் சாரிடம் சொன்னேன். பாதி நாள் பிடித்தேன். அவசரமான நாளில் பழையபடி வெளியேதான் விட்டேன். இதை நீ மன்னித்துவிடுவாய் என்று தெரியும். அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

பயிற்சியில் ஒரு புது கேஸ் காட்டினார்கள். எச்.சி. கேஸ் என்போம். சமையல் கேஸுக்குப் பங்காளி. ஓசோனை ஒன்றும் செய்யாது. ஆர்-12 போடுகிற அளவில் பாதிகூட வேண்டாம், பிரிட்ஜும் நன்றாகக் குளிரும். ஆனால் பற்றும். அதனால் அதை வீட்டுக்குள் வெளியே விடக்கூடாது, பக்கத்தில் டார்ச் பற்றவைக்கக்கூடாது. முக்கியமாக, அது போட்ட பிரிட்ஜின் பின்னால் ஒரு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். மஞ்சள் நிறம், நடுவில் நெருப்புப் படம். பின்பக்கத் தகட்டில் கம்பெனிக்காரன் ஆர்-12 என்றுதான் போட்டிருப்பான். அடுத்துத் திறக்கிறவன் ஏமாறக்கூடாது என்பதற்காக. ஒரு கட்டு ஸ்டிக்கரும் கொடுத்தார்கள். ஆர்-12 கிடைப்பது குறையக் குறைய நான் எச்.சி.க்கு மாறினேன். முதல் ஸ்டிக்கரை வடலூரில் ஒரு வீட்டில் ஒட்டினேன். அந்த வீட்டு அம்மா நெருப்புப் படத்தைப் பார்த்துவிட்டு, "அடுப்பு பக்கத்துல வெக்கற பொருள்ல என்னாத்துக்குங்க நெருப்பு?" என்றார். ஓசோன், வெயில், வானம் எல்லாம் சொல்லிப் பார்த்தேன். கேஸைப் பிடுங்கிவிட்டுப் போகச் சொல்லிவிட்டார். இரண்டாவது வீட்டிலும் அப்படியே. அதற்கப்புறம் நான் ஸ்டிக்கர் ஒட்டுவதை விட்டுவிட்டேன். கேஸ் மட்டும் போட்டேன். கேட்டவர்களிடம், நல்ல கேஸ், ஓசோனுக்கு நல்லது என்றேன். உன் மாமனிடம் ஒட்டாமல் விட்டதைச் சொல்லவில்லை. எச்.சி. என்றால் ஸ்டிக்கர் இருக்கும், அதைப் பார்த்துக்கொள் என்று மட்டும் சொல்லியிருந்தேன்.

சிதம்பரத்தில் தெற்கு வீதிப் பக்கம் ரிட்டயர்டான டீச்சர் ஒருவர் வீட்டில் பழைய ஒற்றைக் கதவு பிரிட்ஜ். அதற்கு நான்தான் எச்.சி. போட்டேன். ஸ்டிக்கர் பையில் இருந்தது. கையிலும் எடுத்தேன். டீச்சர் காப்பி கொண்டுவந்து வைத்தார், திரும்பப் பையில் போட்டுவிட்டேன். மறுவருஷம் அது குளிரவில்லை என்று போன் வந்தபோது நான் சேத்தியாத்தோப்பில் ஒரு ஏ.சி. மாட்டிக்கொண்டிருந்தேன். நீ போய்ப் பார் மச்சான் என்று அனுப்பினேன். எந்த வீடு, என்ன கேஸ் போட்டோம் என்பதெல்லாம் எனக்கு ஞாபகத்திலேயே இல்லை. அவன் போனான். பிரிட்ஜைத் திருப்பிப் பார்த்தான். தகட்டில் ஆர்-12. சார்ஜிங் பைப்பை வெட்டினான். கேஸை விட்டான். சமையலறை ஜன்னல் சாத்தியிருந்தது. டார்ச்சைப் பற்றவைத்தான்.

ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது அவனுக்கு இரண்டு கையிலும் கட்டுப் போட்டிருந்தார்கள். முகத்தில் இடது பக்கம் மருந்து பூசியிருந்தது, புருவம் இல்லை. டீச்சருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் கூடத்தில் இருந்திருக்கிறார். எனக்கு என்ன தோன்றியிருக்க வேண்டும் என்று நீ நினைப்பாய். ஒன்றுமே தோன்றவில்லை தம்பி. மேலே சுற்றிய பேனைப் பார்த்து, கண்டன்சர் போய்விட்டது, அதான் மெதுவாகச் சுற்றுகிறது என்று நினைத்தேன். அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போது அவன் பேசினான்.

"மாமா, கேஸு பத்திக்கிச்சி மாமா. ஆர்-12 எப்பிடி மாமா பத்தும்?"

நான் பேனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"பின்னாடி நல்லா பாத்துட்டுதான் வெட்டுனேன். ஸ்டிக்கர் இல்ல."

அப்போது நான் சொன்னது இதுதான். ஒரு எழுத்து மாறாமல் எழுதுகிறேன்.

"ஆயிலுடா மச்சான். கேஸோட ஆயிலு தெறிச்சிருக்கும். நீ டார்ச்ச ரொம்ப கிட்ட காட்டியிருப்ப."

வேறு எந்தத் தொழில்காரனுக்கும் இந்தப் பொய் வாயில் வராது. கேஸோடு கம்ப்ரசர் ஆயிலும் கொஞ்சம் தெறிக்கும் என்பதும் உண்மை, அது பற்றும் என்பதும் உண்மை. சான்றிதழ் வாங்கியவன் சொல்கிறேன், அவன் நம்பாமல் என்ன செய்வான்? "அப்பிடித்தான் இருக்கும் மாமா, கிட்ட காட்டிட்டேன்" என்றான். அன்றிலிருந்து பார்க்க வந்த ஒவ்வொருவரிடமும் அவனே அதைச் சொன்னான். அவன் வாயால் சொல்லச் சொல்ல அதுவே நடந்தது என்று ஆகிவிட்டது. அவன் தண்ணி போட்டிருப்பான் என்று சிதம்பரத்தில் யாரோ சொன்னார்கள். அவன் டீக்குமேல் எதுவும் குடித்து நான் பார்த்ததில்லை. அதற்கும் நான் வாய் திறக்கவில்லை. உன் அம்மா அழுதுகொண்டே அவனைத் திட்டினாள். "சின்ன வயசிலேந்து இவனுக்கு அவசரம், பாத்து செய்யத் தெரியாது" என்றாள். அக்காவிடம்கூட அவன் தன் தப்பு என்றே ஒத்துக்கொண்டான்.

காயம் ஆறியது. வலது கையில் இரண்டு விரல் மடங்கியே நின்றுவிட்டது. நெருப்புப் பக்கம் போக முடியவில்லை என்று கடைக்கு வருவதை நிறுத்தினான். இப்போது பஸ் ஸ்டாண்டு சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் போடுகிறான். தினம் சாயங்காலம் அந்தப் பக்கம் போகிறேன், கையைத் தூக்குகிறான், நானும் தூக்குகிறேன். இரண்டு வருஷம் ஆகிறது. நான் நன்றாகச் சாப்பிடுகிறேன், நன்றாகத் தூங்குகிறேன். ஏன் இப்படி இருக்கிறேன் என்று யோசித்தால், அதற்கும் ஒன்றும் தோன்றுவதில்லை. நீ சொன்ன குளோரின் ஞாபகம்தான் வருகிறது.

இதையெல்லாம் இப்போது எழுதுவதற்குக் காரணம், நீ புறப்பட்டதற்கு முதல் நாள் மத்தியானச் சாப்பாடு. அம்மா வாழை இலை போட்டு உன் மாமனையும் கூப்பிட்டிருந்தாள். அவன் தன் சொந்தக் காசில் உனக்கு ஸ்வெட்டர் வாங்கிக்கொண்டு வந்திருந்தான், புனே குளிரும் என்று யாரோ சொன்னார்களாம். நீ பேச்சுவாக்கில் வேலைக்கு ஆளெடுத்தவர்களிடம் என்னைப் பற்றிச் சொன்னதைச் சொன்னாய். ஒரு சின்ன ஊர் மெக்கானிக் பயிற்சிக்குப் போய் மாறின கதை என்று சொன்னாயாம், அவர்கள் ரொம்ப ரசித்தார்களாம். அதோடு நிறுத்தியிருக்கலாம். மாமன் பக்கம் திரும்பினாய்.

"நீயும் அப்பாகூட அந்தப் பயிற்சிக்குப் போயிருந்தா இப்படி ஆயிருக்காது மாமா."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். மடங்கிய விரலால் சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஆமா மாப்ள. உங்கப்பா மாதிரி எல்லாருக்கும் பொறுமை வருமா?" என்றான். என்னைப் பார்த்துச் சிரித்தான்.

நான் ரசம் கேட்டேன். அம்மா ஊற்றினாள். இன்னும் கொஞ்சம் என்றேன்.

அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு வருஷத்தில் அவன் யோசித்துக் கண்டுபிடித்திருக்கலாம், அவன் என்னைவிட நல்ல மெக்கானிக். கண்டுபிடிக்காமலும் இருக்கலாம். ஒன்று மட்டும் எனக்குத் தெரிந்துவிட்டது. நான் கட்டி, அவன் நம்பிச் சொன்ன பொய்க்கதையை நீயும் இனி போகிற இடமெல்லாம் சொல்வாய். உன் வாயிலிருந்து வந்தால் அது படித்தவன் சொன்னது ஆகிவிடும். என் காலத்துக்குப் பிறகும் உன் மாமன் அவசரக்காரனாகவே இருப்பான். நான் ஓசோன் காத்தவனாகவே இருப்பேன். அதை மட்டும் நடக்கவிட முடியாது என்று தோன்றியது. ரொம்ப நாளுக்கப்புறம் எனக்கு ஏதோ ஒன்று தோன்றியது என்றால் அதுதான்.

உனக்குப் புத்தி சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை. இருந்தாலும் ஒன்று சொல்கிறேன், தொழில்காரனாகக் கேட்டுக்கொள். நீ மேலே அனுப்புகிற பெட்டி ஒரு நாள் தப்பாகக் காட்டும், இல்லை நீ தப்பாகக் குறிப்பாய். அன்றைக்கே அதன் மேல் எழுதி ஒட்டிவிடு. பார்க்கிறவர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். அடுத்தாற்போல் அதைத் திறக்கிறவன் நீயாக இருக்கமாட்டாய். உன்னை நம்பித் திறக்கிற வேறு ஒருத்தனாக இருப்பான். இன்னொன்று. எச்.சி. கேஸ் கெட்டது என்று நினைத்துவிடாதே. அது நல்ல கேஸ்தான். அது பற்றும் என்பதை அது மறைக்கவில்லை, நான்தான் மறைத்தேன். இந்த வாரம் நான் எச்.சி. போட்ட வீடுகள் ஞாபகத்துக்கு வர வர, ஒவ்வொன்றாகப் போய் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருக்கிறேன். மூன்று வீட்டில் உள்ளேயே விடவில்லை. வாசலில் நின்று, அடுத்த மெக்கானிக் வந்தால் சொல்லுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். ஞாபகம் வராத வீடுகள் நிறைய இருக்கின்றன.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்வேன். ஆனால் அவளுக்கும் உனக்கும் முன்னால் தெரியவேண்டியவன் ஒருத்தன் இருக்கிறான். அதனால் இதை முடித்ததும் நான் தபால் ஆபீசுக்குப் போகப்போவதில்லை. சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போகிறேன். உறையின் மேல் உன் விலாசம் எழுதியாகிவிட்டது. உறையின் வாயை ஒட்டாமல் அதை உன் மாமனிடம் கொடுத்து, படித்துவிட்டு, அனுப்பலாம் என்று பட்டால் தபால் பெட்டியில் போடு மச்சான் என்று சொல்லப்போகிறேன். நேருக்கு நேர் நின்று வாயால் சொல்கிற திராணி எனக்கு இல்லை. அவன் படிக்கும்போது பக்கத்தில் நிற்கிற அளவுக்குத்தான் இருக்கிறது. அவன் கிழித்துப் போட்டால் போடட்டும், அது அவன் உரிமை. அப்போது நானே இன்னொன்று எழுதிக்கொள்கிறேன்.

ஆகவே, நீ இதைப் படிக்கிறாய் என்றால் அவன் படித்துவிட்டான். படித்த பிறகும் அந்தக் கையாலேயே மூடி, எடுத்துக்கொண்டு போய்ப் பெட்டியில் போட்டிருக்கிறான். முதலில் அவனுக்குப் போன் போடு. எனக்கு, உனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது போடு.

அப்பா